சனிக்கிழமைக் கூலிப் பட்டியலில் திணறும் சர்வரும் சான்றிதழ்த் தேர்வும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக வேலை பார்க்கிறேன். பிராசஸருக்கு 8 கோர் வீதம் இரண்டு பிராசஸர்களும் 128 ஜிபி ரேமும் உள்ள ஒரே சர்வரில் விஎம்வேர் நிறுவனத்தின் மெய்நிகராக்க மென்பொருளான விஸ்பியர் 7 நிறுவி, ஈஆர்பி (கம்பெனி நிர்வாக மென்பொருள்), டேலி, டொமைன் கன்ட்ரோலர், ஃபைல் சர்வர், விசென்டர் (விஸ்பியரின் நிர்வாகக் கருவி) உட்பட 9 விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டுகிறோம். அவற்றுக்கு மொத்தம் 44 விசிபியு (மெய்நிகர் பிராசஸர்) கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமை பிற்பகலில் பீஸ் ரேட் கூலிப் பட்டியல் போடும்போது ஈஆர்பி திணறுகிறது. அதன் 4 விசிபியுவை முதலில் 8 ஆக்கினேன். பிறகு விஎம்மை நிறுத்தாமலே 12 ஆக்கினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. ஈஆர்பி அப்டேட்டுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டை (விஎம்மின் அந்த நேரத்து நிலையின் பதிவு), பேக்கப்பாக இருக்கட்டும் என்று பல மாதங்களாக அழிக்காமல் வைத்திருக்கிறேன். சான்றிதழ்த் தேர்வும் எழுத விரும்புகிறேன். வீட்டில் 16 ஜிபி ரேம் உள்ள கணினி இருக்கிறது. எந்தத் தேர்வு, எப்படிப் படிப்பது?

பதில்: நீங்கள் இரண்டு கேள்விகளாகக் கேட்டிருப்பது உண்மையில் ஒன்றுதான். விசிபியுவைக் கூட்டிய பிறகு விஎம் மெதுவானால் நிர்வாகி எந்த அளவீட்டைப் பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது விஎம்வேர் தேர்வுகளில் சூழல் வினாவாக வரக்கூடிய விஷயம். எனவே சனிக்கிழமைச் சிக்கலை முதலில் முறையாக அவிழ்ப்போம்.

16 கோர்களுக்கு 44 விசிபியு என்பது தன்னளவில் தவறான விகிதம் அன்று. எல்லா விஎம்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யாதவரை அது தாங்கும். தொல்லை தருவது ஈஆர்பி விஎம்மின் அகலம், அதாவது அதற்குக் கொடுத்த விசிபியு எண்ணிக்கை. கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் வந்தால் காலியான இலையில் உடனே உட்கார்ந்துவிடலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்தே உட்கார வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். விஸ்பியரில் விஎம்களை ஓட்டும் அடித்தள மென்பொருளான இன்றைய ஈஎஸ்எக்ஸ்ஐ, பன்னிரண்டு விசிபியுவுக்கும் ஒரே கணத்தில் கோர் கிடைத்தாக வேண்டும் என்று கண்டிப்பாக இருப்பதில்லை என்றாலும், ஒரு விசிபியு மற்றவற்றைவிட அதிகம் முன்னே ஓடிவிட்டால் பின்தங்கியவை எட்டிப்பிடிக்கும் வரை அதை நிறுத்தி வைக்கிறது. அந்த நிறுத்தத்தின் அளவு கோ-ஸ்டாப்; வேலை இருந்தும் கோர் கிடைக்காமல் நிற்கும் நேரத்தின் அளவு சிபியு ரெடி. உங்கள் நோய்க்கு இந்த இரண்டு எண்கள்தான் சாட்சி.

விசென்டரின் ரியல்-டைம் வரைபடத்தில் ரெடி மில்லி வினாடியில் தரப்படுகிறது, ஒவ்வொரு புள்ளியும் 20 வினாடிக்கானது. ஈஆர்பி விஎம்முக்கு அங்கே 19,200 என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 20,000ஆல் வகுத்தால் 96 சதவீதம் வரும். அதைக் கண்டு பதற வேண்டாம், அது பன்னிரண்டு விசிபியுவின் கூட்டுத்தொகை. பன்னிரண்டால் வகுத்தால் விசிபியுவுக்கு 8 சதவீதம். பொதுவாக 5 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 10ஐ எட்டினால் பயனாளர்களே புகார் சொல்லத் தொடங்குவார்கள். ரியல்-டைம் வரைபடம் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டுமே காட்டும் என்பதால் இதைச் சனிக்கிழமை பிற்பகலிலேயே பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வந்து வாராந்திர வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியும் 30 நிமிடத்துக்கானதாக இருக்கும். அங்கே 20,000ஆல் வகுப்பது பிழை, 18,00,000ஆல் வகுக்க வேண்டும். தேர்வுக்குப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

விஎம்மை நிறுத்தாமலே விசிபியுவைக் கூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சிபியு ஹாட்-ஆட் இயக்கத்தில் இருக்கிறது. உங்கள் சர்வரில் ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி நினைவகப் பகுதி உண்டு. இதையே நூமா கணு என்கிறோம். 8 விசிபியு வரை ஒரு கணுவுக்குள் அடங்கும், 12 அடங்காது. சாதாரணமாக 8க்கு மேற்பட்ட விசிபியு உள்ள விஎம்முக்கு ஈஎஸ்எக்ஸ்ஐ இந்த அமைப்பைத் தெரியப்படுத்தும். ஆனால் விஸ்பியர் 7இல் ஹாட்-ஆட் இயக்கத்தில் இருந்தால் அது மறைக்கப்பட்டுவிடும். ஆகவே உள்ளே ஓடும் டேட்டாபேஸ், எல்லா நினைவகமும் ஒரே தொலைவில் இருப்பதாக நம்பி, அடுத்த பிராசஸரின் நினைவகத்துக்கும் மாறி மாறிப் போய்வருகிறது. 8 ஆக்கியபோது பொறுத்துக்கொள்ள முடிந்ததும் 12 ஆக்கியதும் மோசமானதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கூலிப் பட்டியல் அறிக்கை ஒரே திரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டுமே பயன்படுத்தும் வேலைத்தொடரில்) ஓடும் வகையாக இருந்தால், அது ஒரு கோரை முழுதாகத் தின்றாலும் 12 விசிபியு உள்ள விஎம்மின் டாஸ்க் மேனேஜர் 8 சதவீதம் என்றுதான் காட்டும். சர்வர் சும்மா இருக்கிறது, மென்பொருள்தான் சரியில்லை என்று ஈஆர்பி கம்பெனிக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் ஒவ்வொரு கோரின் வரைபடத்தையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். அப்படி ஒரே கோர்தான் எரிகிறது என்றால் எத்தனை விசிபியு கூட்டினாலும் பயனில்லை. பயாஸில் மின்சிக்கன முறையை உயர் செயல்திறனுக்கு மாற்றுவது அதைவிட உதவும்.

ஞாயிற்றுக்கிழமை, தையல் பிரிவு ஓடாத நேரத்தில் விஎம்மை நிறுத்தி (குறைப்பதற்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும்) 6 விசிபியு ஆக்குங்கள், ஹாட்-ஆட்டை அணையுங்கள். அதே நாளில் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கும் விடை கொடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து மாற்றங்கள் அனைத்தும் ஒரு டெல்டா கோப்பில் சேர்கின்றன. அது மாதக்கணக்கில் வளர்ந்து, விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரை நிரப்பினால் அதிலுள்ள விஎம்கள் நின்றுபோகும். மூல வட்டு கெட்டால் டெல்டாவும் உதவாது, அதனால் அது பேக்கப் ஆகவே ஆகாது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. முதலில் வேறொரு சாதனத்தில் முறையான பேக்கப் எடுத்து, மீட்டுப் பார்த்து, டேட்டாஸ்டோரில் காலி இடம் இருப்பதை உறுதி செய்த பிறகு ஸ்னாப்ஷாட் மேனேஜர் வழியாக மட்டும் அழியுங்கள். டெல்டாவை மூல வட்டோடு இணைத்து முடிக்க மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் பொறுமையிழந்து டேட்டாஸ்டோரைத் திறந்து கோப்புகளைக் கையால் அழித்துவிடாதீர்கள். ஆன்டிவைரஸ் ஸ்கேன் எல்லா விஎம்களிலும் சனிக்கிழமை பிற்பகலிலேயே ஓடும்படி இருந்தால் அதையும் இரவுக்குத் தள்ளிவிடுங்கள்.

இனி தேர்வு. பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. சந்தாவில் பிராசஸருக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்கிடுவார்கள். உங்கள் சர்வரில் இருப்பது 16 கோர் என்றாலும் இரண்டு பிராசஸர் என்பதால் 32க்குப் பணம் கட்ட வேண்டும். விஸ்பியர் 7க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2ஆம் தேதி முடிந்துவிட்டது. ஆகவே உங்கள் முதலாளி சந்தா கட்டுவதா, வேறு மெய்நிகராக்க மென்பொருள்களான மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-விக்கோ ப்ராக்ஸ்மாக்ஸுக்கோ மாறுவதா என்று எப்படியும் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு உங்கள் தேர்வையும் பாதிக்கும்.

கோவையிலோ பெங்களூரிலோ பெரிய டேட்டா சென்டர்களைக் கவனிக்கும் நிறுவனத்துக்குப் போவது நோக்கமானால் விஎம்வேரின் விசிபி சான்றிதழ் பொருத்தமானது. முன்பு அங்கீகரிக்கப்பட்ட வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2024இல் அது நீக்கப்பட்டதால் செலவு பெருமளவு குறைந்திருக்கிறது. திருப்பூரிலேயே இருப்பதாக இருந்தால், விண்டோஸ் சர்வரும் டொமைன் கன்ட்ரோலரும் ஏற்கெனவே கையில் உள்ள உங்களுக்கு மைக்ரோசாஃப்டின் ஏஇசட்-800, 801 தேர்வுகளே அன்றாட வேலைக்கு நெருக்கமானவை என்பது என் கருத்து. ஹைப்பர்-வி அதில் ஒரு பகுதி. ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ மெய்நிகராக்கத் தேர்வு அன்று. ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸ் லினக்ஸின் மேல் ஓடுவதால் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அது நல்ல அடித்தளம். அதில் கொள்குறி வினாக்கள் கிடையாது. கணினியில் செய்து காட்ட வேண்டும், செய்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டும்.

வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை, ஈஎஸ்எக்ஸ்ஐ 8க்கே குறைந்தது 8 ஜிபி வேண்டும். விசென்டர் 8இன் மிகச் சிறிய அமைப்பு 14 ஜிபி கேட்கும். 16 ஜிபியில் இரண்டையும் வைக்க வழியில்லை. ஹைப்பர்-வியும் ப்ராக்ஸ்மாக்ஸும் அதில் தாராளமாக ஓடும். விசிபிதான் என்றால் ரேமை 64 ஜிபியாக உயர்த்தி, 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசமாகிவிட்ட விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவுக்குள் ஈஎஸ்எக்ஸ்ஐயை நிறுவிப் பழகுங்கள். இந்த வழியில் வீட்டு மதர்போர்டின் நெட்வொர்க் கார்டை ஈஎஸ்எக்ஸ்ஐ ஏற்காத தலைவலியும் இல்லை.

படிக்கும் முறைக்குத் தேர்வின் அதிகாரப்பூர்வப் பாடத்திட்டத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் சர்வரில் அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். உதாரணமாக, ‘வளப் பயன்பாட்டைக் கண்காணித்தல்’ என்ற வரிக்கு எதிரே சனிக்கிழமை எடுத்த ரெடி கணக்கை எழுதலாம். ஹெச்ஏ (ஒரு சர்வர் நின்றால் அதன் விஎம்களை இன்னொன்றில் எழுப்புவது), விமோஷன் (ஓடும் விஎம்மை இன்னொரு சர்வருக்கு மாற்றுவது) போன்றவற்றுக்கு இரண்டாவது ஹோஸ்ட், அதாவது சர்வர், தேவை என்பதால் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடங்களே வீட்டு லேபில் செய்ய வேண்டியவை. வினாத்தாள் டம்ப் (கசிந்த வினா-விடைத் தொகுப்பு) விற்பவர்களிடம் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் கோ-ஸ்டாப் பற்றிக் கேட்டால் விழிக்க நேரிடும்.

விஎம்வேர் தேர்வுகளில் 100 முதல் 500 வரையான அளவுகோலில் 300 பெற்றால் தேர்ச்சி. அதை 60 சதவீத விடைகள் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டிலிருந்தும் எழுதலாம், ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துத் தேதி குறியுங்கள். இயன்றால் தேர்வு மையத்துக்கே போய்விடுவது நல்லது. தேர்வுகளின் பெயரும் எண்ணும் அடிக்கடி மாறுகின்றன. நீங்கள் படிக்கும் தேர்வு எந்தத் தேதியோடு நிறுத்தப்படுகிறது என்பதை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு அதன் பிறகே கட்டணம் செலுத்துங்கள்.