படத்துக்குத் தனி மதிப்பெண், கதைக்குத் தனி மதிப்பெண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'பேட்மேன்: தி கில்லிங் ஜோக்' காமிக்ஸ் நூலை நண்பர்கள் சிலர் சேர்ந்து படித்தோம். படித்து முடித்தபோது ஒருவர் கருத்து மற்றவருக்கு ஒத்துவரவில்லை. பிரையன் போலண்டின் ஓவியங்களுக்காகவே இதை வாங்கி வைக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். காவல் ஆணையர் கார்டனின் மகள் பார்பராவுக்கு நேரும் கொடுமையைப் பார்த்த பிறகு எந்த ஓவியத்தையும் ரசிக்க மனம் வரவில்லை என்கிறார் இன்னொருவர். நான் நடுவில் நிற்கிறேன்: ஓவியம் முதல்தரம், கதை சாதாரணம். கதாசிரியர் ஆலன் மூரின் பெயர் இல்லாதிருந்தால் இந்தக் கதையை இத்தனை ஆண்டுகள் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். என்னிடம் இருப்பது 2008 பதிப்பு, நண்பரிடம் இருப்பது 1988 பதிப்பு. இரண்டிலும் வண்ணங்கள் முற்றிலும் வேறாக இருக்கின்றன. எதைப் படிப்பது சரி?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் இருவரோடும் என்னால் ஓரளவு ஒத்துப்போக முடிகிறது. ஒத்துப்போக முடியாதது நடுவில் நிற்பதாகச் சொல்லும் உங்களோடுதான். ஓவியத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் கதைக்கு ஒரு மதிப்பெண்ணும் போடும் வழக்கம் காமிக்ஸ் வாசகர்களிடம் பரவலாக இருக்கிறது. காமிக்ஸ் படைப்புகளுக்கான ஐஸ்னர் விருதுகளில்கூட 1989-ஆம் ஆண்டு இந்த நூலுக்காக மூருக்குச் சிறந்த கதாசிரியர் விருதும் போலண்டுக்குச் சிறந்த ஓவியர் விருதும் தனித்தனியாகத்தான் கிடைத்தன. விருது கொடுப்பவர்களுக்கு வேறு வழியில்லை. வாசிக்கும் நமக்கு இருக்கிறது. குறிப்பாக இந்த நூலில் அப்படிப் பிரித்தால் கதையின் பெரும்பகுதி ஓவியத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும், மிச்சமிருக்கும் வசனங்களை மட்டும் வைத்துக் கதை சாதாரணம் என்று முடிவு செய்ய நேரும்.

கடைசிப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தப்பியோட முயலும் இரண்டு மனநோயாளிகளைப் பற்றி, பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் அவனிடம் ஒரு துணுக்குச் சொல்கிறான். இரு கட்டடங்களுக்கு இடையே டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறேன், அதன் மேல் நடந்து வா என்று ஒருவன் அழைக்க, பாதி வழியில் நீ விளக்கை அணைத்துவிடுவாய் என்று மற்றவன் மறுக்கிறான். துணுக்கு முடிந்து பேட்மேனும் ஜோக்கரும் சிரிக்கிறார்கள். பிறகு மழை விழும் தரையில் ஒரு ஒளிக்கோடு மட்டும் தெரிகிறது, அடுத்த படக்கட்டத்தில் அதுவும் இல்லை. இருவருக்கும் நடுவே இருந்த பாலம் அணைந்துவிட்டது என்பதை எந்த வசனமும் சொல்வதில்லை. மழைத்துளி விழும் அதே தரையில்தான் நூலின் முதல் பக்கமும் தொடங்குகிறது என்பதால், இந்த இருவரும் இதே வட்டத்தில்தான் மறுபடியும் சுற்றப்போகிறார்கள் என்பதும் சொல்லாமலே நமக்கு வந்து சேர்கிறது. இதை ஓவியத்தின் வெற்றி என்பீர்களா, கதையின் வெற்றி என்பீர்களா? (அந்தக் கடைசிக் கட்டங்களில் பேட்மேன் ஜோக்கரைக் கொன்றுவிடுகிறான் என்று வாசிப்பவர்களும் உண்டு, கதாசிரியர் கிராண்ட் மாரிசனே அப்படிச் சொன்னார். எனக்கு அந்த வாசிப்பில் நம்பிக்கையில்லை, ஆனால் அதற்கு இடம் கொடுப்பதும் வசனமில்லாத அந்தக் கட்டங்கள்தான்.)

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மூர் எழுதி முடித்த கதைக்குப் போலண்ட் படம் போட்டுக் கொடுத்த நூல் அல்ல இது. பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனத்தில் பொறுப்பிலிருந்த டிக் ஜியோர்டானோ என்ன வரைய விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, ஜோக்கரை மையமாக வைத்து, மூர் எழுத, ஒரு பேட்மேன் கதை என்று கேட்டவர் போலண்ட். ஓவியரின் ஆசையிலிருந்து பிறந்த கதை என்பதால், அதன் நிறைகுறைகளில் அவருக்கும் பங்குண்டு.

குறை என்று சொன்னதும் உங்கள் இரண்டாவது நண்பரின் கோபம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கொடுமை காட்டப்படுகிறது என்பது மட்டும் காரணமாக இருந்தால் அது போதாது என்று நினைக்கிறேன். கொடுமையைக் காட்டாமல் கொடுமையைப் பற்றி எழுத முடியாது. எனக்குக் குறையாகப் படுவது வேறு. எப்பேர்ப்பட்ட மனிதனும் பைத்தியமாவதற்கு ஒரே ஒரு மோசமான நாள் போதும் என்பது ஜோக்கரின் வாதம். அதை நிரூபிக்கத்தான் அவன் ஆணையர் கார்டனின் மகளைச் சுடுகிறான், அவரை நிர்வாணமாக்கிக் கேளிக்கைப் பூங்காவின் ரயிலில் ஏற்றுகிறான், மகளின் படங்களைக் காட்டுகிறான். கார்டன் உடைவதில்லை, ஜோக்கரைச் சட்டப்படியே பிடித்து வர வேண்டும் என்று பேட்மேனிடம் வற்புறுத்துகிறார். வாதம் தோற்றது என்று கதை காட்டிவிடுகிறது. ஆனால் அந்த நாள் யாருக்கு எல்லோரையும்விட மோசமான நாள்? முதுகெலும்பில் குண்டு பாய்ந்து, இனி நடக்க முடியாது என்ற நிலையில் மருத்துவமனையில் கிடக்கும் பார்பராவுக்கு. அவள் உடைந்தாளா, தாங்கினாளா என்று கதை கேட்பதே இல்லை. ஒரு பக்கம் அளவுக்கு அவளைக் காட்டி, அங்கும் அப்பாவைப் பற்றியே பேசவைத்து, அவளை விட்டு நகர்ந்துவிடுகிறது. தன் கேள்விக்கான மிகச் சிறந்த சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே வழக்கை முடித்துவிட்ட கதை இது.

இந்தக் குறையில் ஓவியத்துக்குப் பங்கில்லை என்று உங்கள் முதல் நண்பர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. போலண்டின் கோடு பிசிறில்லாதது, நிதானமானது. ஜோக்கரின் பற்களையும் பூங்காவின் துருப்பிடித்த பொம்மைகளையும் வரையும் அதே குளிர்ந்த துல்லியத்தோடு, சுடப்பட்டு விழுந்தவளையும் அது வரைகிறது. அந்தத் துல்லியம் ஜோக்கருக்குப் பொருந்துகிறது. அவளை வரையும்போது, அவளை ஒரு காட்சிப்பொருளாகப் பார்க்கும் ஜோக்கரின் கண்ணோடு ஓவியரின் கண்ணும் சேர்ந்துகொள்கிறது. மூர் பின்னாளில் இந்த நூலைத் தன் நல்ல படைப்பாகக் கருதவில்லை. வன்முறை மிகுதி என்றும், பேட்மேனும் ஜோக்கரும் நிஜ மனிதர்களைப் போன்றவர்கள் அல்லர் என்பதால் இதில் மனித வாழ்வைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை என்றும் சொன்னார். இரண்டாவது கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கார்டன் நிஜ மனிதர்தான். பார்பராவும் அப்படி ஆகியிருக்க முடியும் என்பதை ஜான் ஆஸ்ட்ரேண்டர், கிம் யேல் என்ற கதாசிரியர்கள் அடுத்த ஆண்டே காட்டினார்கள். 1989 முதல் 'சூசைட் ஸ்குவாட்' காமிக்ஸ் இதழ்களில் அவளைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தகவல் வலையை ஆளும் ஆரக்கிளாக மீட்டெடுத்தார்கள். மூர் கேட்காமல் விட்ட கேள்விக்கு மற்றவர்கள் எழுதிய பதில் அது.

இனி வண்ணங்களுக்கு வருகிறேன், ஏனெனில் ஓவியமும் கதையும் பிரியாதவை என்பதற்கு உங்கள் வீட்டுப் பிரதியும் நண்பர் வீட்டுப் பிரதியுமே சாட்சி. 1988-இல் வண்ணம் தீட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ்; மூரின் 'வாட்ச்மென்' நூலுக்கும் அவரே. ஊதாவும் பச்சையும் ஆரஞ்சும் கலந்து, நிஜத்தில் எங்கும் காணமுடியாத வெளிச்சத்தில் அவர் கதையை நிறுத்தினார். போலண்டுக்கு அது உவப்பாக இல்லை; 2008-இல் தானே முழுவதையும் மறுபடி வண்ணம் தீட்டி, நிறங்களை அடக்கி, பேட்மேனின் மார்பிலிருந்த மஞ்சள் வட்டத்தையும் எடுத்துவிட்டார். ஜோக்கர் மனிதனாக இருந்த காலத்துக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையாக்கி, அங்கங்கே ஏதேனும் ஒரு பொருளுக்கு மட்டும் சிவப்புச் சாயல் கொடுத்தார். அந்தக் கடந்த காலக் கதையில் அவன் அணியப்போகும் சிவப்புத் தலைக்கவசத்தை அந்தச் சிறு சிவப்புகள் முன்கூட்டியே சொல்வது அழகான யோசனை, மறுக்கவில்லை.

ஆனாலும் என் வாக்கு ஹிக்கின்ஸுக்குத்தான். தனக்குக் கடந்த காலம் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டுமென்றால் அதில் தேர்ந்தெடுக்கப் பல விடைகள் இருக்கட்டும் என்று ஜோக்கரே சொல்கிறான். வேலையை விட்டு மேடையேறி யாரையும் சிரிக்கவைக்க முடியாத நகைச்சுவைக்காரன், கர்ப்பிணி மனைவியின் மரணம், ரசாயனக் குழி என்று நாம் பார்ப்பது நடந்ததா, அவன் கட்டிக்கொண்டதா என்பது கடைசிவரை உறுதியில்லை. கறுப்பு வெள்ளை ஆனதும் அந்தக் காட்சிகள் பழைய புகைப்பட ஆல்பத்தின் நம்பகத்தன்மையைப் பெற்றுவிடுகின்றன. வாசகர் இதுதான் உண்மை வரலாறு என்று எடுத்துக்கொள்கிறார். ஹிக்கின்ஸிடம் கடந்த காலமும் வண்ணத்திலேயே வருகிறது, நிகழ்காலத்திலிருந்து அதைப் பிரிக்கும் சுவர் மெல்லியதாக இருக்கிறது. ஒரு படக்கட்டத்தில் ஜோக்கரின் உடல் இருக்கும் நிலையிலேயே அடுத்த கட்டத்தில் அந்தப் பழைய மனிதன் நிற்கும்போது, நாம் நினைவுக்குள் போகிறோமா, பிதற்றலுக்குள் போகிறோமா என்ற ஐயம் அங்கே உயிரோடு இருக்கிறது. ஒரு வசனமும் மாறவில்லை, ஒரு கோடும் ஏறக்குறைய மாறவில்லை, கதை மாறிவிட்டது.

எனவே எது சரி என்ற உங்கள் கேள்விக்கு: போலண்ட் மனத்தில் கண்ட ஓவியம் வேண்டுமென்றால் உங்களிடம் இருக்கும் பிரதி போதும். கதை சாதாரணம் என்ற முடிவை மறுபரிசீலனை செய்யும் எண்ணமிருந்தால் நண்பரின் பிரதியை ஒரு வாரம் இரவல் வாங்குங்கள், இரண்டையும் அருகருகே வைத்து, கடந்த காலக் காட்சிகளை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் கதை சாதாரணம் என்றே தோன்றினால், எந்தப் பதிப்பின் கதை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.