சிங்கப்பூரில் பழைய கார் வைத்துக்கொள்ள முடியுமா? பராமரிப்பு எப்படி?

முடியும். குறைந்தது 35 வயதான காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதியலாம். ஆனால் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். அதைக் கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள். எனக்கு அந்த 45 நாளும் பொன்னான நாள்கள்.

செலவைவிடப் பெரிய எதிரி நம் ஊர் ஈரப்பதம். என்னுடைய பழைய பிரிட்டிஷ் கார் மோரிஸ் மைனர், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் மூடியே நிற்கிறது. கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. அவை தூசியால் அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் குமிழ் விடும்போதுதான் தெரியும், அதற்குள் காரியம் கெட்டிருக்கும். மாதம் ஒருமுறை அந்தத் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.

இன்னொன்று: மோரிஸ் மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். சின் மிங்கில் ஒரு பட்டறையில் இளம் மெக்கானிக் மாற்றி மாட்டப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். உங்கள் காரில் எது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பழைய எஞ்சின்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில் கைபழகியவர்கள் குறைந்துவருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.