வேகம் எந்த இடத்தில் நிற்கிறது? வாசகர் கேள்வி பதில்: வீட்டு வைஃபை

போனில் வைஃபை இழுபடுகிறது என்று வந்த கேள்விகளை இம்முறை சேர்த்தே எடுத்திருக்கிறோம். பதில்களுக்குப் போகமுன் எல்லோரும் ஒரு வேலை செய்யவேண்டும். போனிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து வெளியே இன்னொரு பாதை. அடைப்பு எதில் என்று தெரியாமல் புது ரவுட்டர் வாங்குவதும் பெரிய இணையப் பொதிக்கு மாறுவதும் வீண் காசு. வீட்டில் மற்றப் போன்களின் வைஃபையை நிறுத்திவிட்டு, ரவுட்டரிலிருந்து 2 மீற்றர் தள்ளி நின்று, ஸ்பீட்டெஸ்ட் செயலியில் மூன்று தடவை அளந்து எழுதுங்கள். பிறகு வழக்கமாகப் போன் பாவிக்கும் இடத்திலும் மூன்று தடவை அளந்து பாருங்கள். கிட்ட நின்றால் வேகம், தள்ளிப் போனால் மந்தம் என்றால் பிழை வைஃபையில். கிட்ட நின்றும் மந்தம் என்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதே குறைவு. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) இணைப்பில் ஒரு தடவை அளந்தாலே 100 எம்பிக்கு மேல் டேட்டா போய்விடும். ஆகவே சும்மா சும்மா அளக்க வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ். ரவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது, அங்கே 90 காட்டுகிறது. பின்னறையில் மகள் படிக்கிற இடத்தில் 8, 10தான் வருகிறது. சூம் வகுப்பு நின்று நின்று ஓடுகிறது. பொதியைக் கூட்டவா?
(ஒரு வாசகர், திருவையாறு, கிளிநொச்சி)

பதில்: கூட்டாதீர்கள். கிட்ட நின்று 90 வருகிறதென்றால் ஃபைபரில் குறை இல்லை. 200 எம்பிபிஎஸ் எடுத்தாலும் பின்னறைக்கு அதே 8தான் போய்ச்சேரும்.

550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டுக்கு ஒரு ரவுட்டர் தாராளம், வைக்கும் இடம் சரியாக இருந்தால். பல வீடுகளில் ரவுட்டர் ஷோகேஸுக்குள், ரீவிக்குப் பின்னால், பின்னல் துணி போர்த்தியபடி இருக்கும். ரீவியின் பின்பக்கத் தகடும் ஷோகேஸ் கண்ணாடியில் பூசிய ரசமும் சிக்னலை மறிக்கும், துணி சூட்டைப் பிடித்துவைக்கும். அங்கிருந்து எடுத்து, ஹோலுக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள சுவரில், ஆள் நெஞ்சுயரத்துக்குச் சற்று மேலே பூட்டுங்கள். அன்ரெனாக்களை நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். சிக்னல் அன்ரெனாவின் பக்கவாட்டில்தான் பரவும், நுனியால் மிகக் குறைவு. ஆகவே நுனியைப் பின்னறைக்கு நேரே நீட்டிவைத்தால் எதிர்மாறான பலன்தான் கிடைக்கும். ரவுட்டரை நகர்த்த ஃபைபர் வயர் எட்டாவிட்டால் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளரிடம் நீளமான வயர் கேளுங்கள். அந்த வயரைக் கூராக மடிக்கவோ ஆணியில் இறுக்கிக் கட்டவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மிஞ்சும் வயரை உள்ளங்கையளவு வட்டமாகச் சுற்றித் தொங்கவிடுங்கள்.

அடுத்தது அலைவரிசை. உங்கள் ரவுட்டர் அநேகமாக 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டில் அனுப்பும். 5 வேகமானது, ஆனால் சீமெந்துக் கல் சுவரைத் தாண்டும்போது கூடுதலாக மெலியும். 2.4 தூரம் போகும், ஆனால் அயல் வீட்டு ரவுட்டர்களோடு இடிபடும். அன்ட்ரொய்ட் போனில் செற்றிங்ஸ், வைஃபை, இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்துச் சக்கர அடையாளம் என்று போனால், பெரும்பாலான போன்களில் எந்த அலைவரிசை, இணைப்பு வேகம் எவ்வளவு என்று தெரியும். அந்த இலக்கத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் உண்மையில் கைக்கு வரும். பின்னறையில் நின்று பாருங்கள். 5இல் தொங்கிக்கொண்டு சிக்னல் ஒரு கோடாக இருந்தால், ரவுட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, அந்த அறையில் மட்டும் 2.4இல் இணையுங்கள்.

2.4இல் இருந்தும் மந்தம் என்றால் சனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் இலக்கமிட்ட பாதையை, மாற்றவேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரியும் (பெரும்பாலும் 192.168.1.1) கடவுச்சொல்லும் இருக்கும். அந்த முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போய், வயர்லெஸ் பகுதியில் 2.4க்கான சனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. 3 அல்லது 8 வைத்தால் இரண்டு பக்கத்தாரோடும் இடிபடுவீர்கள். சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் விடுங்கள். 40 வேகமாகத் தோன்றும், ஆனால் அயலெல்லாம் நெரிசலாக இருக்கும் இடத்தில் நட்டம்தான்.

கேள்வி: எங்கள் பக்கம் ஃபைபர் இல்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். காலையில் நன்றாக ஓடுகிறது. பொழுதுபட்டு 7 மணி தாண்டினால் யூரியூப்கூட சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரவுட்டர் பழுதா?
(ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: காலையில் ஓடுகிற ரவுட்டர் இரவில் மட்டும் பழுதாகாது. முதலில் நிறுவனத்தின் செயலியில் மாதப் பொதியில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். பொதி முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் திட்டங்கள் உண்டு. ஆனால் அப்படியென்றால் நாள் முழுக்க மந்தமாக இருக்கும்.

உங்களுக்கு நடப்பது தொலைபேசிக் கோபுர நெரிசல். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்தச் சுற்றுவட்டாரமே பங்குபோடுகிறது. வேலை முடிந்து எல்லோரும் வீடு வந்து போனைத் தொடும் நேரம் அது. அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் கிடைக்கும் பங்கைக் கூட்டலாம்: சிக்னல் சுத்தமாக உள்ள ரவுட்டருக்கு அதே நெரிசலிலும் கூடுதலான டேட்டா வந்துசேரும்.

பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை (192.168.8.1 அல்லது 192.168.1.1) அடித்து உள்ளே போய், சிக்னல் விபரத்தைத் திறவுங்கள். ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) என்ற இலக்கம் -85 அல்லது அதைவிட நன்றாக, அதாவது -80, -75 என்று இருந்தால் நல்லது. -95 சமாளிக்கலாம். -110ஐத் தாண்டிக் கீழே போனால் கஷ்டம். அதைவிட முக்கியமானது எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னல் எவ்வளவு சுத்தம் என்பது. 13க்கு மேல் என்றால் திருப்தி, பூச்சியத்தைத் தொட்டால் கோபுரம் கிட்ட இருந்தும் பயனில்லை. ரவுட்டரை ஒவ்வொரு யன்னலிலும் வைத்து, ஒவ்வோரிடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டு இலக்கத்தையும் எழுதுங்கள். இதை இரவு 8 மணிக்குச் செய்யவேண்டும். காலையில் கிடைக்கும் இலக்கத்தை நம்பி இடம் தெரிவுசெய்ய வேண்டாம்.

தகரக் கூரை சிக்னலை மேலிருந்து முழுவதும் மறைக்கும். ஆகவே கூரைக்குக் கிட்ட உயர்த்துவதைவிட, கோபுரம் உள்ள பக்கத்து யன்னலோரம் வைப்பது நல்லது. யன்னலுக்கு நேரே பெரிய வேப்பமரமோ மாமரமோ நின்றால் வேறு யன்னல் பாருங்கள். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம்.

வெளி அன்ரெனா பூட்ட நினைத்தால், ரவுட்டரின் இரண்டு துளைக்கும் இரண்டு வயர் வருவதாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் பூட்டினால் 4ஜி ஒரு காலில் நொண்டும். வயரின் நீளம்தான் பலர் விடும் பிழை. ஆர்ஜி-58 என்ற மெல்லிய வயர் 10 மீற்றர் ஓடினால், பிடித்த சிக்னலில் முக்கால்வாசி அளவு வயரிலேயே அழிந்துவிடும். 3 மீற்றருக்குள் முடியுங்கள்.

கேள்வி: வீட்டில் நான்கு போன். மூன்று நன்றாக ஓடுகிறது, என்னுடையது மட்டும் மந்தம்.
(ஒரு வாசகர், மல்லாவி)

பதில்: ரவுட்டரைத் தொடாதீர்கள். போனில் விபிஎன் (டேட்டாவை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். எப்போதோ போட்ட விபிஎன் செயலி பின்னால் ஓடிக்கொண்டிருப்பது மிகவும் சாதாரணம். அடுத்து செற்றிங்ஸில் பிரைவேற் டிஎன்எஸ் (இணையத்தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் ஏதாவது பெயர் எழுதியிருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள். பற்றரி சேமிப்பு முறையை நிறுத்துங்கள். வைஃபை பெயரை மறக்கச்செய்து, போனை அணைத்துப் போட்டு, திரும்ப இணையுங்கள். இவ்வளவும் செய்து மாறாவிட்டால் உங்கள் போன் 2.4 மட்டும் பிடிக்கும் பழைய வகையாக இருக்கலாம். இணைப்பு வேகம் 65 அல்லது 72க்கு மேல் ஏறாவிட்டால் அதுதான். அப்படியான போனில் 40 எம்பிபிஎஸ் வந்தாலே நிறைவு.

கேள்வி: மகன் கனடாவில். வாட்ஸ்அப் வீடியோவில் கதைக்கும்போது அவன் முகம் நன்றாகத் தெரிகிறது, எங்கள் முகம்தான் உடைகிறது என்கிறான். வேகம் 20 காட்டுகிறதே?
(ஓர் அம்மா, ஒட்டுசுட்டான்)

பதில்: அம்மா, அந்த 20 உங்களுக்கு வருகிற வேகம். உங்கள் முகம் மகனிடம் போவது பதிவேற்ற வேகத்தில். அதே சோதனையில் இரண்டாவதாக வரும் இலக்கம் அது. வீடியோ அழைப்புக்கு 1, 2 எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைத்தால் போதும். ஆனால் வீட்டில் ஏதாவது ஒரு போன் அதே நேரத்தில் கூகுள் ஃபோட்டோஸுக்குப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சிறிய பாதை நிரம்பிவிடும், உங்கள் முகம் வரிசையில் காத்து நிற்கும். கலியாண வீட்டுக்குப் போய்வந்த அன்று அழைப்பு மோசமாவது இதனால்தான். எல்லாப் போன்களிலும் கூகுள் ஃபோட்டோஸைத் திறந்து, மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, பேக்கப்பை நிறுத்துங்கள். மகனோடு கதைத்து முடிந்த பிறகு திரும்பப் போடலாம். வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப்பில் வீடியோக்களைச் சேர்க்காமல் விடுங்கள்.

கேள்வி: மத்தியானத்தில் மட்டும் விட்டு விட்டு அறுகிறது. ரவுட்டர் தானாக அணைந்து எரிகிறது.
(ஒரு வாசகர், மாங்குளம்)

பதில்: சூடு. வீட்டு ரவுட்டர்களில் அநேகமானவை 40 பாகை செல்சியஸ் வரைக்குமே செய்யப்பட்டவை. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே ஒரு மணிக்கு அதைத் தாண்டிவிடும். கீழே இறக்கி, காற்றுப் படும்படி வையுங்கள். அடாப்டரையும் பாருங்கள்: ரவுட்டரில் 12 வோல்ட் 2 அம்பியர் என்று எழுதியிருந்து, கடையில் 1 அம்பியர் அடாப்டர் வாங்கிப் பூட்டியிருந்தால், பல போன்கள் சேரும்போது இப்படித்தான் அணைந்து எழும்பும்.

கேள்வி: ஒரே வளவில் எங்கள் வீடும் அக்கா வீடும். இடையில் 40 மீற்றர். ரிப்பீற்றர் வாங்கினால் சரிவருமா?
(ஒரு வாசகி, நெடுங்கேணி)

பதில்: ரிப்பீற்றர் என்பது வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி. சாதாரண ரிப்பீற்றர் ஒரே சனலில் வாங்கி, அதே சனலில் கொடுப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதோடு, சிக்னல் செத்த அக்கா வீட்டுக்குள்தான் எல்லோரும் அதை வைக்கிறார்கள். அங்கே அது எதை வாங்கிக் கொடுக்கும்? சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் வைக்கவேண்டிய சாமான் அது. 40 மீற்றருக்கு அது வேண்டாம்.

நெட்வேர்க் வயர் 100 மீற்றர் வரை தாங்கும், ஆனால் வீட்டுக்கு வீடு செம்பு வயர் இழுப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஐப்பசி இடிமின்னலில் ஒரு வீட்டில் விழுவது வயர் வழியாக மற்ற வீட்டு ரவுட்டரையும், அதோடு பூட்டிய கணினியையும் கொண்டுபோகும். இரண்டு வீட்டுச் சுவரிலும் எதிரெதிராகப் பூட்டும் வெளிப்புற வயர்லெஸ் பெட்டி ஒரு சோடி வாங்குங்கள், நடுவில் மரக்கிளை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது உள்ளே இரும்புக் கம்பி ஓடாத ஃபைபர் வயரைக் குழாய்க்குள் போட்டுத் தாட்டுவிடுங்கள். எதைச் செய்தாலும் வானம் முழங்கத் தொடங்கினால் இரண்டு வீட்டு ரவுட்டரினதும் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது.