கப்பல் டீசல் எஞ்சினின் முறுக்கு அதிர்வை (ஷாஃப்ட் சுழலும்போதே முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு அதிர்வதை) கணக்கிடும் மென்பொருள் உள்ளே என்னதான் செய்கிறது?

கிராங்க், பிளைவீல், ஷாஃப்ட், புரொப்பெல்லர் எல்லாவற்றையும் சுழலும் வட்டுகளாகவும் அவற்றை இணைக்கும் முறுக்கு ஸ்பிரிங்குகளாகவும் மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வட்டுக்கும் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு), ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் விறைப்பு. புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும் தண்ணீரின் நிலைமத்தையும் சேர்க்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இதிலிருந்து இயல் அதிர்வெண்கள், அதாவது அமைப்பு தானாக அதிரும் அதிர்வெண்கள், கிடைக்கும். கணினிக்கு முன்பு ஹோல்சர் அட்டவணை (வட்டு வட்டாகக் கணக்கிட்டுப் போகும் முறை) போட்டுக் கையாலேயே கண்டுபிடித்தார்கள். அப்புறம் சிலிண்டர் வாயு அழுத்தம் தரும் தூண்டலை ஹார்மோனிக்குகளாக (சுழற்சி வேகத்தின் மடங்குகளில் வரும் அலைகளாக) பிரித்து, எந்த வேகத்தில் எது ஒத்ததிர்கிறது என்று பார்க்கிறது. ஆறு சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆறாவது ஆர்டர்தான் (ஒரு சுற்றுக்கு ஆறு முறை வரும் தூண்டல்) பெரும்பாலும் வில்லன்: இயல் அதிர்வெண் 5.5 ஹெர்ட்ஸ் என்றால் 5.5 × 60 ÷ 6, அதாவது நிமிடத்துக்கு 55 சுற்றில் அடி விழும். அங்கே ஷாஃப்டில் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்), தொடர்ந்து ஓடுவதற்கான வகைப்பாட்டுச் சங்க (கப்பல்களுக்குத் தரவிதி வகுத்துச் சான்று தரும் அமைப்பு) வரம்பைத் தாண்டினால், ஆனால் கடந்து போவதற்கான வரம்புக்குள் இருந்தால், அந்த வேகப் பட்டையைத் தடைசெய்து சட்டென்று கடந்துவிடச் சொல்வார்கள். ஒரு சிலிண்டர் எரியாத நிலையையும் ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள்.

தணிப்பு (அதிர்வின் ஆற்றலை உறிஞ்சும் தன்மை) மதிப்பு மட்டும் பாதி அனுபவ ஊகம். அதனால்தான் கடல் சோதனையில் ஷாஃப்டில் ஸ்ட்ரெய்ன் கேஜ் (நுண்ணிய உருமாற்றத்தை அளக்கும் உணரி) ஒட்டி அளந்து, மாதிரியைச் சரிபார்க்கிறார்கள்.