அமெரிக்காவில் இருக்கிறேன். ஊரில் அம்மா அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் பழகவில்லை. இரு வீட்டிலும் இன்டர்நெட் மேசை போன் வைத்துக் காசில்லாமல் பேச முடியுமா?

முடியும். இரண்டு போன் வாங்கும் செலவு, ஏற்கெனவே கட்டிவரும் பிராட்பேண்ட் பில், அவ்வளவுதான். "வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்க வருகிறவர்கள், கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரிடம் திரையில் பச்சை வட்டத்தைத் தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டு வரட்டும்.

முதலில் ஒன்று. இலவசம் என்பது இப்படி வைத்த போன்களுக்கு நடுவே மட்டும்தான். இதிலிருந்து 108, 112, 911 எதையும் அழைக்க முடியாது. பட்டன் செல்போன் ஒன்று அவர்கள் கையில் இருந்தே ஆகவேண்டும். ஊர் லேண்ட்லைனை இதோடு கோத்து, வெளிநாட்டு அழைப்பை லோக்கல் காலாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். இந்தியாவில் அது சட்டவிரோதம்.

வாங்கவேண்டியது எஸ்ஐபி போன் (எஸ்ஐபி என்பது இன்டர்நெட் வழியாக அழைப்பை இணைக்கும் பொது விதிமுறை). கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஎக்ஸ்பி 1628 போதும். பக்கவாட்டில் 8 பட்டன் இருப்பதால் ஆளுக்கு ஒன்று ஒதுக்கலாம். இதில் வைஃபை கிடையாது, ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுக்கவேண்டும். செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் சிஸ்கோ 7911, 7940 பக்கம் போகாதீர்கள். அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய அவற்றில் பெரும்பாலும் எஸ்ஐபிக்குப் பதிலாக எஸ்சிசிபி என்ற சிஸ்கோவின் சொந்த முறைக்கான ஃபர்ம்வேர் (போனுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கும். சிஸ்கோவின் சொந்த சர்வர் இல்லாமல் பேசாது. வேறு சில பழைய போன்கள் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் பூட்டப்பட்டிருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் இன்டர்நெட் கிடைத்ததும் பழைய செட்டிங்கையே திரும்ப இறக்கிக்கொள்ளும். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

அமெரிக்காவில் இருப்பதால் ஓபி 200 பெட்டியும் (சாதாரண போனை இன்டர்நெட்டில் இணைக்கும் ஓபிஹாய் நிறுவனப் பொருள்) கூகுள் வாய்ஸ் என்ற இன்டர்நெட் போன் சேவையும் போதும் என்று பலர் சொல்வார்கள். அது பழைய கதை. ஓபிஹாயை 2018இல் பாலிகாம் வாங்கியது, பாலி என்று பெயர் மாறிய அதை 2022இல் ஹெச்பி வாங்கியது, 2024 கடைசியில் அந்தப் பெட்டிகளை செட் செய்யும் ஓபிடாக் தளத்தையே மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் இன்னொருவர் சர்வரின் தயவில் ஓடுவது என்ன நியாயம்? இன்று டிவியும் கேமராவும்கூட இப்படித்தான் விற்கப்படுகின்றன. அதனால்தான் செட்டிங்கை நாமே கையால் போடக்கூடிய போனாக வாங்கச் சொல்கிறேன்.

அடுத்து, இலவச எஸ்ஐபி கணக்கு இரண்டு. இரண்டும் ஒரே சேவையில் இருந்தால் தலைவலி இல்லை. யூசர் ஐடி எண்ணாக இருப்பது நல்லது. போன் கீபேடில் எழுத்து அடிப்பது வேதனை. போனின் மெனுவில் ஸ்டேட்டஸ் பகுதிக்குப் போனால் அதன் ஐபி முகவரி தெரியும். அதை அதே வீட்டுக் கணினியின் பிரவுசரில் அடித்தால் போனின் பக்கம் திறக்கும். பெயர் அட்மின், பாஸ்வேர்டு பழையவற்றில் அதுவே, புதியவற்றில் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். உடனே மாற்றிவிடுங்கள். அக்கவுண்ட் 1இல் எஸ்ஐபி சர்வர், யூசர் ஐடி, ஆத்தென்டிகேட் ஐடி, பாஸ்வேர்டு நான்கையும் நிரப்பி, சேவ் அண்ட் அப்ளை கொடுத்தால் ஸ்டேட்டஸில் ரெஜிஸ்டர் ஆனதாகக் காட்டவேண்டும்.

பத்தில் ஒன்பது பேர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான், அதுவும் போனில் அல்ல, ரூட்டரில். எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி பல ரூட்டர்களில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். உதவுவதாக நினைத்து, போகிற செய்திக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தி, பெரும்பாலும் கெடுத்துவைக்கும். விளைவு, ஒருவர் பேசுவது மட்டும் கேட்கும். அல்லது சரியாக 32 வினாடியில் கால் கட்டாகும். காரணம் இதுதான்: போனை எடுத்ததும் அந்தப் பக்கம் அனுப்பும் பதிலுக்கு இங்கிருந்து உறுதிச் செய்தி திரும்பப் போகவேண்டும். அது வந்து சேராவிட்டால், எஸ்ஐபி விதிப்படி 32 வினாடி பார்த்துவிட்டு அந்தப் பக்கமே துண்டித்துவிடும். ஆகவே இரு வீட்டு ரூட்டரிலும் ஏஎல்ஜியை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபைபர் கம்பெனி கொடுத்த ரூட்டரில் அந்த மெனுவே மறைக்கப்பட்டிருந்தால் போனில் எஸ்ஐபி டிரான்ஸ்போர்ட்டை, செய்தியை மறைகுறியாக்கி அனுப்பும் டிஎல்எஸ்ஸுக்கு மாற்றுங்கள் (உங்கள் சேவை அதற்கு இடம் கொடுக்கவேண்டும்). செய்தி பூட்டிப் போவதால் ரூட்டர் கைவைக்க முடியாது.

இன்னொரு புகார், இங்கிருந்து கூப்பிட்டால் போகிறது, அங்கிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை என்பது. சும்மா கிடக்கும் இணைப்பை ரூட்டர் மறந்துவிடுகிறது. போனின் பக்கத்தில் நாட் டிராவர்சலில் (நாட் என்பது வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே வெளி முகவரியில் ரூட்டர் இணைக்கும் முறை) கீப் அலைவ் தேர்ந்து, இடைவெளி 20 வினாடி வையுங்கள்.

நள்ளிரவில் 100, 1001 என்ற எண்களிலிருந்து மணி அடித்தால் பேய் இல்லை. எஸ்ஐபியின் வழக்கமான வாசலான 5060 போர்ட்டை இன்டர்நெட்டில் துழாவும் ஸ்கேனர் நிரல்கள். "பிராக்ஸியிலிருந்து (அதாவது உங்கள் எஸ்ஐபி சர்வரிலிருந்து) வருவதை மட்டும் ஏற்கவும்" என்ற பொருளில் செக்யூரிட்டி பகுதியில் ஒரு வரி இருக்கும், அதை யெஸ் ஆக்குங்கள்.

கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஜி.722 முதலிடம், அடுத்து பிசிஎம்யூ. குரல் தெளிவில் முன்னது எங்கோ உயரத்தில் நிற்கும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரு திசையும் சேர்த்து 80 எம்பி அளவுதான்.

பெரியவர்களுக்கு உண்மையில் பிடித்துப்போவது ஆஃப்ஹுக் ஆட்டோ டயல். அவர்கள் போனில் கால் ஃபீச்சர்ஸ் பக்கத்தில் உங்கள் ஐடியைப் போட்டுவிட்டால், ரிசீவரை எடுத்தாலே உங்களுக்கு அடிக்கும். அண்ணன் தம்பி பலர் இருந்தால் இது வேண்டாம், பக்கவாட்டுப் பட்டன் போதும்.

ரூட்டர் அடாப்டர் 12 வோல்ட், இந்த போனுக்கு 5 வோல்ட். முனை ஒரே மாதிரி இருக்கலாம், மாற்றிச் செருகினால் போன் போயிற்று. இரண்டிலும் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். கரண்ட் போனாலும் ஓடவேண்டுமென்றால் ரூட்டர், ஃபைபர் பெட்டி, போன் எல்லாமே யுபிஎஸ்ஸில் இருக்கவேண்டும்.

ஊருக்கு அனுப்பும் முன் இரண்டையும் உங்கள் வீட்டிலேயே செட் செய்து பேசிப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்த லேப்டாப்பிலிருந்து லேன் கேபிளில் இன்டர்நெட்டைப் பகிர்ந்து கொடுங்கள். இரண்டும் ஒரே ரூட்டரில் இருந்தால் நாட் கோளாறு வெளியே தெரியாது. ஊர் வீட்டு போனின் பக்கத்தை இங்கிருந்து நேராகத் திறக்க முடியாது. அங்கே ஒரு கணினியும், அதைத் தொலைவிலிருந்து இயக்கும் எனிடெஸ்க் மென்பொருளும் இருந்தால் பின்னால் கைகொடுக்கும்.