சோக்கும் குழலும்: டிராப், ஸ்கீட் சுடுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

சார், 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கியில் டிராப், அதாவது எறியப்பட்டு நம்மைவிட்டு விலகிப் பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டி, பழகத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு குழலிலும் ஃபுல் சோக்தான் போட வேண்டும் என்கிறார்கள். சரியா?

யார் சொன்னது? சோக் என்பது குழல் முனையில் உள்ள சிறு குறுக்கம்; தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளை நெருக்கமாக அனுப்புவது அது. 12 போரின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ. ஃபுல் சோக் அதில் சுமார் 1 மி.மீ. குறைக்கிறது, மாடிஃபைடு அரை மி.மீ. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் 70 சதவீதக் குண்டுகளையும், மாடிஃபைடு 60 சதவீதத்தையும், குறுக்கமே இல்லாத சிலிண்டர் 40 சதவீதத்தையும் சேர்க்கும் என்பது நெடுங்காலக் கணக்கு.

ஒலிம்பிக் டிராப்பில் தட்டு 76 மீட்டர் பறக்கும்படி எறியப்படுகிறது. நீங்களோ எறியும் இடத்துக்கு 15 மீட்டர் பின்னால் நிற்கிறீர்கள். அதனால் இறுக்கம் வேண்டும்தான். முதல் குழலில் இம்ப்ரூவ்டு மாடிஃபைடு (மாடிஃபைடுக்கும் ஃபுல்லுக்கும் இடைப்பட்டது), இரண்டாவதில் ஃபுல் என்பது பரவலான ஏற்பாடு. புதியவருக்கு முதல் குழலில் மாடிஃபைடே போதும். தட்டு உடைவதைக் கண்ணால் பார்த்தால்தான் கை பழகும்.

ஸ்கீட், அதாவது குறுக்கே பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டி, சுடுகிறேன். அதே சோக் ஆகுமா?

ஆகாது. அங்கே தட்டு பெரும்பாலும் 20 மீட்டருக்குள் உடைகிறது. அந்தத் தூரத்தில் ஃபுல் சோக்கின் விரிவு சிலிண்டரின் விரிவில் ஏறத்தாழ பாதிதான். மிகக் குறைந்த குறுக்கமுள்ள ஸ்கீட் சோக் அல்லது சிலிண்டர் போடுங்கள்.

மகளுக்குத் துப்பாக்கி வாங்க வேண்டும். 32 அங்குலக் குழல் குண்டுகளை இன்னும் நெருக்கமாக அனுப்புமா ஐயா?

கடைக்காரர்கள் ஓயாமல் சொல்லும் கதை இது. நெருக்கத்தைத் தருவது சோக்கும் தோட்டாவும். குழல் நீளம் அல்ல. நீளக் குழல் வீச்சைச் சீராக்கும், பார்வைக் கோட்டை நீட்டும், அவ்வளவே. முன்பாரம் அதிகமானால் பத்தாவது தட்டிலேயே கை தளர்ந்துவிடும். மகளின் தோளில் வைத்துப் பாருங்கள். தோளில் ஊன்றும் கட்டை பொருந்தினால் 28 அல்லது 30 அங்குலமே நல்லது.

ஃபுல் போட்டும் தாளில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழுகிறதே, ஏன்?

இப்படித் தாளில் சுட்டுப் பார்ப்பவர்கள் குறைவு, மகிழ்ச்சி. தோட்டாவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மென்மையான ஈயம் வெடிப்பின் அழுத்தத்திலும் சோக்கின் நெரிப்பிலும் நசுங்குகிறது. நசுங்கிய குண்டு நேராகப் போகாது, விளிம்புக்கு விலகும். ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயத் தோட்டாவை வாங்கி, சோக்கையும் ஒரு படி தளர்த்திப் பாருங்கள். குறுக்கம் குறைந்தும் பேட்டர்ன் (தாளில் குண்டுகள் விழும் பரவல்) இறுகுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சோதிப்பதை ஒழுங்காகச் செய்யுங்கள். 40 கஜத்தில், அதாவது 36.5 மீட்டரில், நாலடிச் சதுரத் தாள். சுட்ட பிறகு குண்டுகள் அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். ஒரு தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள குண்டுகளையும் எண்ணிவிடுங்கள். 24 கிராம் எடை, ஏழரை எண் அளவுக் குண்டு என்றால் 300க்கு அருகில் வரும். ஒரே தாளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், குறைந்தது ஐந்து தாள் வேண்டும். அடர்த்தி எல்லாம் குறிக்கு இடப்பக்கம் விழுந்தால் சோக்கை மாற்றிப் பயனில்லை. கட்டையையோ குழலையோதான் பார்க்க வேண்டும்.

குழலை உள்ளே கடைந்து அகலமாக்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

வேண்டாம். சுரண்டிய இரும்பு திரும்ப வராது. அந்தப் பணத்துக்கு நாலு வகைத் தோட்டா வாங்கித் தாளில் சுடுங்கள்.

தாத்தாவின் பழைய இரட்டைக்குழல் இருக்கிறது. அதில் ஸ்டீல் குண்டு போட்டுப் பழகலாமா?

கூடவே கூடாது. ஸ்டீல் நசுங்காது, பழைய குழலின் இறுக்கமான சோக்கில் அது முனையைப் புடைக்கச் செய்துவிடும். ஈயத் தோட்டா என்றாலும் அறையின், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தின், நீளத்தை அளக்காமல் போடாதீர்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ.தான், இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மி.மீ. அறைக்கானவை. உரிமத்துடன் நல்ல துப்பாக்கிப் பட்டறைக்கு எடுத்துச் சென்று குழலின் தடிமனையும் அளந்து வாருங்கள், பிறகு பேசுவோம்.