பனிக்காலத்தில் முதல் முறை ஸ்ரியறிங் பிடிப்பவர்களுக்கு: கேள்வி-பதில்

ஒன்ராறியோவில் முதல் பனிக்காலத்தைச் சாலையில் சந்திக்கவிருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுள் ஐந்துக்கு, ஸ்காபரோவில் சாரதிப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இங்கே பதில் தருகிறேன்.

என் காரில் இருப்பவை எல்லாப் பருவத்துக்குமான ரயர்கள். பனிக்கால ரயருக்கு ஏன் தனியாகச் செலவழிக்க வேண்டும்?

பெயரை நம்பிவிடாதீர்கள். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அந்த ரயர்களின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும். இறுகிய இறப்பர் சாலையைப் பற்றாது. பனிக்கால ரயரோ கடுங்குளிரிலும் மென்மை கெடாதபடி செய்யப்பட்டது. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் ரயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். செலவுக்கு அஞ்சி முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் பூட்டுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும். ஏனெனில் முன்பக்கம் பிடித்து நிற்க, பிடிமானமற்ற பின்பக்கம் வளைவில் சுழன்று வந்துவிடும். நான்கையும் மாற்றுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்றாலும், 2016 முதல் இம்மாகாணத்துக் காப்புறுதி நிறுவனங்கள் இதற்குக் கட்டணக் கழிவு தர வேண்டும் என்பதால், உங்கள் முகவரிடம் அதைத் தவறாமல் கேளுங்கள்.

பனியில் பிறேக்கை அழுத்தியபோது பெடல் கடகடவென்று அதிர்ந்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். கார் பழுதா?

பழுதில்லை. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்ததன் அடையாளம் அது. என்னிடம் பழகிய ஒரு மாணவி, யாருமற்ற வாகனத் தரிப்பிடத்தில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் இதை முதல் முறை உணர்ந்தபோது, உள்ளங்காலை யாரோ கீழிருந்து உதைப்பது போல இருக்கிறது என்று சொல்லிக் காலை உயர்த்திவிட்டார். கார் நில்லாமல் பனிக்குவியல் வரை வழுக்கிச் சென்றது. நான்காம் முறை காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார், கார் நின்றது. நீங்களும் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, அனுமதியுள்ள வெறும் தரிப்பிடத்தில் இப்படிப் பழகிக்கொள்ளுங்கள். பனியில் ரயருக்குக் கிடைக்கும் பிடிமானம் மிகச் சொற்பம். அதைத் திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுமே கிடைக்காது. ஆகவே நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் பிறகு திரும்புங்கள்.

கண்ணுக்குத் தெரியாத உறைபனியை எப்படி அறிவது?

சாலை நனைந்தது போல மினுங்கியும், முன்னால் செல்லும் வாகனத்தின் சக்கரங்களிலிருந்து நீர்த்திவலை எழவில்லையென்றால், அது உறைபனியாக இருக்கலாம். பாலங்களின் அடியிலும் குளிர்காற்று புகுந்து செல்வதால், மற்றைய சாலைக்கு முன்னரே அவை உறைந்துவிடும். அத்தகைய நாட்களில், வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குறூஸ் கன்ரோலை நிறுத்திவிட்டு, வழக்கமான இடைவெளியை இரட்டிப்புக்கும் மேலாக்குங்கள். கார் சறுக்கினால் காலை மெதுவாக எடுத்து, நீங்கள் போக வேண்டிய திசையையே பார்த்தபடி அந்தத் திசைக்கு ஸ்ரியறிங்கை மென்மையாகத் திருப்புங்கள். எதிரே உள்ள கம்பத்தைப் பார்த்தால் கையும் அங்கேயே போகும்.

மகளுக்கு 18 வயது. தனியாக ஓட்ட அனுமதிக்கும் இடைநிலைச் சாரதி அனுமதிப்பத்திரமான ஜி2 சென்ற மாதம் கிடைத்தது. சனிக்கிழமை இரவு தோழிகளை ஏற்றிச் செல்லலாமா?

ஜி2 பெற்ற முதல் ஆறு மாதங்களில், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, 19 அல்லது அதற்குக் குறைந்த வயதுடைய ஒருவரை மட்டுமே அவர் ஏற்றலாம். உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய குடும்பத்தினருக்கு விலக்கு உண்டு. மது ஒரு துளியும் கூடாது. பனிப்பொழிவு எச்சரிக்கை உள்ள இரவாயின், "வீட்டுக்கு வராதே, தோழி வீட்டிலேயே தங்கு" என்று பெற்றோராகிய நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஏச்சு விழும் என்ற பயத்தில் பனிக்குள் வேகமாக ஓட்டி வரும் பிள்ளைகளை நான் அறிவேன்.

கராஜுக்குள் காரைச் சூடாக்கலாமா?

கூடவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே தேங்கக்கூடும், அதற்கு மணமும் இல்லை. வெளியே நிறுத்திய காரிலும், இயந்திரத்தை இயக்குவதற்கு முன் புகைக்குழாயை மூடியுள்ள பனியை அகற்றுங்கள். கூரையில் உள்ள பனியையும் தள்ளிவிடுங்கள். விட்டால், முதல் பிறேக்கில் அது சரிந்து முன் கண்ணாடியை மூடிவிடும்.